10,000 பவுண்டு டோ பார் வாங்கினா சேஃபா? ஜீப்பை இழுத்துட்டுப் போறதோட முழுக் கணக்கு

போன மாசம் அமெரிக்காவுல, டல்லாஸ்ல வேலை பார்க்கிற நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பினார். அவரும் அவரோட நண்பரும் சேர்ந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு மோட்டார்ஹோம் வாங்கியிருக்காங்க. ஃபோர்டு ஈ-450 சேஸி மேல கட்டின வண்டி. அதுக்குப் பின்னாடி தன்னோட நாலு கதவு ஜீப் ராங்லரை இழுத்துட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை யூட்டா மாநிலத்துல இருக்கிற மோவாப் வரைக்கும் போய், அங்க ஆஃப்-ரோடு ஓட்டணும்னு பிளான்.

ஷீட்ல ஒரே ஒரு வரி மஞ்சள் கலர்ல இருந்தது. "டோ பார்: பழசு 200 டாலர். அல்லது 10,000 பவுண்டு மாடல் 1,600 டாலர்." கீழ ஒரு கேள்வி: "அண்ணா, 200-க்கு வாங்கிட்டு மிச்சத்தை எமர்ஜென்சி ஃபண்ட்லயே விட்டுடவா? இல்ல, குழந்தையோட போறோம், சேஃப்டிக்காக பெருசாவே வாங்கிடவா?"

கேள்வி ரொம்ப நியாயமானது. ஆனா ரெண்டு பதிலுமே தப்பு. முதல் பதில்ல பணம் மிச்சமாகிற மாதிரி தெரியும், ஆகாது. ரெண்டாவது பதில்ல சேஃப்டி வாங்கின மாதிரி தெரியும், வாங்கலை. ஏன்னு இந்தக் கட்டுரையில படிப்படியா பார்க்கலாம்.

முதல்ல, ஃபிளாட் டோயிங்னா என்ன?

ஒரு வண்டியை டிரெய்லர் மேல ஏத்தாம, அதோட நாலு சக்கரமும் ரோட்டுல உருள, இன்னொரு வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போறதுதான் ஃபிளாட் டோயிங். ரெண்டு வண்டியையும் இணைக்கிற, "ஏ" எழுத்து வடிவத்துல இருக்கிற இரும்புச் சட்டம்தான் டோ பார். அதோட கூரான முனை மோட்டார்ஹோமோட ஹிட்ச்ல மாட்டும். விரிஞ்ச ரெண்டு கையும் ஜீப்போட முன்பக்கத்துல மாட்டும்.

அமெரிக்காவுல இது சகஜம். மோட்டார்ஹோமை கேம்ப்ல நிறுத்திட்டு, கடைக்கோ மலைப்பாதைக்கோ போக சின்ன வண்டி வேணுமில்லையா, அதுக்காக.

இந்தியாவுல தார் வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு ஆசைப்பட்டுடாதீங்க. நம்ம ஊர் சாலை விதிகள் பழுதான வண்டியை இழுத்துப் போகத்தான் இடம் தருது. நல்லா ஓடுற வண்டியை டூருக்கு இழுத்துட்டுப் போற பழக்கத்துக்கு இங்க இடம் இல்லை. ஆனா கீழ வர்ற கணக்கு முறை எந்தப் பெரிய செலவுக்கும் பொருந்தும். அதனால தொடர்ந்து படிங்க.

படி 1: உங்க வண்டியை அப்படி இழுக்கலாமா?

எல்லா 4x4 வண்டியையும் நாலு சக்கரம் உருள இழுக்க முடியாது. எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது சக்கரம் மட்டும் சுத்தினா, பல வண்டிகள்ல கியர் பாக்ஸுக்குள்ள ஆயில் ஓடாது. உள்ளே சூடேறி எல்லாம் தேஞ்சு போயிடும்.

ராங்லர் இதுக்குப் பேர் போனது ஏன்னா, அதோட டிரான்ஸ்ஃபர் கேஸ்ல "நியூட்ரல்" நிலை இருக்கு. அதைப் போட்டா சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துடும். நியூட்ரல் இல்லாத ஆல்-வீல் டிரைவ் வண்டின்னா பெரும்பாலும் டிரெய்லர்தான் வழி.

இங்க ஓனர்ஸ் மேனுவல்தான் நீதிபதி. அதுல "ரிக்ரியேஷனல் டோயிங்"னு தனிப் பகுதி இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸை எப்படி நியூட்ரலுக்குக் கொண்டு வரணும், அது உண்மையிலேயே நியூட்ரல்ல விழுந்துச்சான்னு எப்படி சோதிக்கணும், அப்புறம் கியரை எந்த நிலையில விடணும்னு வரிசையா எழுதியிருக்கும். ஒரு படியை விட்டாலும் கியர் பாக்ஸ் போகலாம். தப்பா இழுத்ததால வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாதுன்னும் அதே பகுதியில இருக்கும்.

இன்னொரு விஷயமும் ஜீப் மேனுவல்ல இருக்கு. பம்பர்ல கிளாம்ப் போட்டு மாட்டுற டோ பாரைப் பயன்படுத்தாதீங்கன்னு. நம்ம தம்பி பார்த்து வெச்சிருந்த 200 டாலர் பார் அந்த வகை இல்லை. ஆனா ஆன்லைன்ல விலை குறைவா தேடினா அதுவும் கண்ணுல படும். கவனம்.

படி 2: சங்கிலியில எந்தக் கண்ணி பலவீனம்?

இதுதான் கட்டுரையோட மையம். டோ பார்ல எழுதியிருக்கிற 10,000 பவுண்டு, அந்த பார் மட்டும் தாங்கும்னு சொல்ற எண். உங்க செட்டப் தாங்கும்னு சொல்ற எண் இல்லை. இழுக்கிற வேலையில அஞ்சு இடங்கள்ல எடை வரம்பு இருக்கு:

1. மோட்டார்ஹோமோட மொத்தக் கூட்டு எடை வரம்பு. இதை ஜி.சி.டபிள்யூ.ஆர்-னு போட்டிருப்பாங்க. இழுக்கிற வண்டி, இழுபடுற வண்டி, ஆட்கள், தண்ணி, சாமான் எல்லாம் சேர்த்து.
2. மோட்டார்ஹோமோட ஹிட்ச் வரம்பு.
3. உயரத்தைச் சரி பண்ண ஹிட்ச்ல போடுற அடாப்டரோட வரம்பு.
4. டோ பாரோட வரம்பு.
5. ஜீப்போட சட்டத்துல மாட்டுற பேஸ் பிளேட்டோட வரம்பு.

இந்த அஞ்சுல எது சின்னதோ அதுதான் உங்க வரம்பு. மத்த நாலும் எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

நம்ம தம்பியோட எண்களைப் பார்ப்போம். அவரோட ஈ-450 சேஸிக்கு கூட்டு எடை வரம்பு 22,000 பவுண்டு. மோட்டார்ஹோம் மட்டும் அதிகபட்சம் 14,500 வரை இருக்கலாம். சாமானோட அவர் எடை போட்டப்போ 13,600 வந்தது. அப்போ 22,000-ல 13,600 போக 8,400 பவுண்டு இழுக்கலாம்னு தோணும்.

ஆனா ஹிட்ச் ஸ்டிக்கர்ல 5,000 பவுண்டுன்னு இருந்தது. மோட்டார்ஹோம்ல இது வழக்கம்தான். சேஸி ஒரு கம்பெனி, அதுமேல வீட்டைக் கட்டுறது இன்னொரு கம்பெனி. பின்பக்கம் சட்டத்தை நீட்டி ஹிட்சை மாட்டுறதால, சேஸியோட வரம்பை விட ஹிட்ச் வரம்பு குறைவா இருக்கலாம். ஆக, அவரோட உண்மையான எல்லை 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. பார் 10,000 ஆனாலும் 20,000 ஆனாலும் இந்த எண் ஒரு பவுண்டு கூட ஏறாது.

அடுத்து ஜீப். "ராங்லர் 4,400 பவுண்டு அண்ணா, தாராளமா இருக்கு"ன்னார். அது ஷோரூமை விட்டு வந்தப்போ இருந்த எடை. அதுக்கப்புறம் இரும்பு பம்பர், வின்ச், பெரிய டயர், ரூஃப் டென்ட், அதுக்கு ரேக், ஃப்ரிட்ஜ், டூல் பாக்ஸ், தண்ணி கேன் எல்லாம் சேர்த்திருக்கார். "எடை மேடைக்குப் போய் போட்டுப் பாருங்க"ன்னேன். ஹைவேல டிரக் ஸ்டாப்ல சின்ன கட்டணத்துக்கே எடை போட்டுத் தருவாங்க.

எடை 5,150 பவுண்டு.

அதாவது, 1,600 டாலர் கொடுத்து 10,000 பவுண்டு பாரை வாங்கி, "இப்ப சேஃப்"னு நிம்மதியா குடும்பத்தோட கிளம்பியிருந்தா, முதல் மைல்லயே ஹிட்ச் வரம்பைத் தாண்டி இழுத்திருப்பார். 150 பவுண்டுதானேன்னு நினைக்காதீங்க. வரம்புங்கிறது சமதளத்துல நிக்கிற வண்டிக்கு மட்டும் போட்டதில்லை. பள்ளத்துல விழும்போதும், திடீர்னு பிரேக் போடும்போதும் அந்த இடத்துல வர்ற விசை பல மடங்கு. அந்த நேரத்துக்காக வெச்சிருக்கிற இடைவெளியை நாம முன்கூட்டியே செலவு பண்ணக் கூடாது. எமர்ஜென்சி ஃபண்டை எடுத்து மாசச் செலவு பண்ற மாதிரிதான் அது.

படி 3: எந்த வகை பார்?

மூணு வகை இருக்குன்னு வெச்சுக்கலாம்.

*ஏ-ஃபிரேம் பார்.* நீட்ட, மடக்க முடியாத கெட்டியான சட்டம். புதுசே 150 முதல் 300 டாலருக்குள்ள கிடைக்கும். பலத்துல குறை சொல்ல முடியாது. பிரச்சனை மாட்டுறதுலதான். ஜீப்பை அங்குலம் பிசகாம ஹிட்ச்சுக்கு நேரா கொண்டு வந்து நிறுத்தணும். ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் கை காட்டணும். வருஷத்துக்கு ஒரு தடவை, கிட்டத்துல, ரெண்டு பேரா போறவங்களுக்கு இது போதும்.

*ஜீப் பக்கம் தங்குற மடக்கு பார்.* கைகள் நீளும், மடங்கும். மாட்டுறது சுலபம். ஆனா ஊர் சுத்தும்போது ஜீப்போட மூக்குல பார் தொங்கிட்டே இருக்கும், இல்லேன்னா கழட்டி வைக்கணும். ஆஃப்-ரோடு போறவங்களுக்கு அது பாறையில இடிக்கிற சமாச்சாரம்.

*மோட்டார்ஹோம் பக்கம் தங்குற செல்ஃப்-அலைனிங் பார்.* கைகள் தொலைநோக்கி மாதிரி நீளும். ஜீப்பை கிட்டத்தட்ட நேரா நிறுத்தினா போதும். மாட்டிட்டு மெதுவா முன்னாடி நகர்ந்தா கைகள் தானா நீண்டு பூட்டிக்கும். கழட்டினதும் மோட்டார்ஹோம் பின்னாடியே மடிச்சு வெச்சுக்கலாம். விலை பெரும்பாலும் 800 முதல் 1,800 டாலர் வரை. உதாரணத்துக்கு, ரோட்மாஸ்டர் ஃபால்கன் 2 தாங்குறது 6,000 பவுண்டு, ப்ளூ ஆக்ஸ் அசென்ட் 7,500, அதே கம்பெனியோட அவெயில் 10,000.

ஆஃப்-ரோடு போறவங்க இதுல ஒரு அம்சத்தைக் கட்டாயம் பார்க்கணும். மேடு பள்ளத்துல, ஒரு திருப்பத்துல நிறுத்தினா கைகள் இறுகிக்கும், பின்னைக் கழட்டவே வராது. அப்படி இறுகி இருந்தாலும் லீவரை இழுத்து விடுவிக்கிற "நான்-பைண்டிங்" மாடல் இருக்கு. கேம்ப் மண்ணுல அது இல்லாம சுத்தியலோட மல்லுக்கட்டணும்.

எவ்வளவு திறன் வேணும்? எடை மேடையில வந்த எண்ணை விட ஓரளவு மேல போங்க. 4,700 பவுண்டு ஜீப்புக்கு 6,000 அல்லது 7,500 சரி. 10,000-க்கு கொடுக்கிற கூடுதல் பணத்தை அடுத்த படியில செலவு பண்ணா பலன் அதிகம்.

படி 4: ஷீட்ல இல்லாத வரிகள்

தம்பியோட ஷீட்ல டோ பார் மட்டும்தான் இருந்தது. விட்டுப் போனது இவ்வளவு:

*பேஸ் பிளேட்.* ஜீப்போட சட்டத்துல போல்ட் போட்டு மாட்டுற தாங்கி. ஒவ்வொரு மாடலுக்கும் தனி. பார் ஒரு பிராண்ட், பிளேட் இன்னொரு பிராண்டுன்னா நடுவுல அடாப்டர் வேணும். வெளியில வாங்கின பம்பர்ல இருக்கிற வளையங்கள்ல மாட்டலாம்னா, அந்த வளையம் டோ பாருக்குன்னு மதிப்பிட்டதான்னு பம்பர் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க.

*உயரம்.* பார் கிட்டத்தட்ட தரைக்கு இணையா இருக்கணும். ரெண்டு பக்க உயர வித்தியாசம் 3 அங்குலத்துக்கு மேல போகாம பார்த்துக்கணும். லிஃப்ட் கிட் போட்ட ஜீப்ல மாட்டுற இடம் ஹிட்சை விட உயரத்துல இருக்கும். அப்படியே விட்டா, பிரேக் போடும்போது ஜீப் மோட்டார்ஹோம் மேல ஏறப் பார்க்கும். அதுக்குத்தான் உயரம் கூட்டுற அடாப்டர்.

*பிரேக்.* 13,600 பவுண்டு வண்டிக்குப் பின்னாடி 5,000 பவுண்டு சேர்ந்தா, அதே பிரேக் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுதல் எடையை நிறுத்தணும். அதனால ஜீப்போட பிரேக்கையும் சேர்த்து அழுத்துற துணை பிரேக் கருவி வேணும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்கள்ல 3,000 பவுண்டுக்கு மேல போனா கட்டாயம். டெக்சாஸ்ல இருந்து யூட்டா போறவர் வழியில இருக்கிற எல்லா மாநில விதியையும் பார்க்கணும். ஜீப் தப்பித்தவறி கழண்டுபோனா தானா பிரேக் பிடிக்கிற பிரேக்அவே ஸ்விட்சும் இதோட வரணும்.

*சேஃப்டி கேபிள், லைட் வயரிங்.* பார் உடைஞ்சா வண்டியைப் பிடிச்சு வைக்கிறது கேபிள். மோட்டார்ஹோம்ல பிரேக் போட்டா, இண்டிகேட்டர் போட்டா, ஜீப்போட பின் விளக்கும் எரியணும்.

இன்னும் ரெண்டு விஷயத்துக்குக் காசு வேண்டாம், ஞாபகம் மட்டும் வேணும். ஒன்று, ஃபிளாட் டோயிங்ல ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. முன் சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பி, பாரும் பேஸ் பிளேட்டும் வளைஞ்சிடும். பெட்ரோல் பங்க்ல நுழையும்போதே வெளியே போற வழியைப் பாருங்க. ரெண்டு, ராங்லரோட முன் ஆக்சில் ஒரே தண்டு. ஸ்டீயரிங் பாகங்கள் தேஞ்சிருந்தா இழுக்கும்போது முன் சக்கரம் பயங்கரமா உதற ஆரம்பிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி மெக்கானிக் ஒருத்தர் அதைப் பார்த்துடணும்.

படி 5: இப்போ முழுக் கணக்கு

ரெண்டு மூணு கடையில விலை கேட்டு நாங்க போட்ட தோராயமான கணக்கு இது:

- செல்ஃப்-அலைனிங் பார், 7,500 பவுண்டு: 1,100
- பேஸ் பிளேட், மாட்டுற கூலியோட: 1,000
- துணை பிரேக், எடுத்து மாட்டக்கூடிய வகை: 1,200
- லைட் வயரிங், கூலியோட: 350
- கேபிள், அடாப்டர், பூட்டு: 250

மொத்தம் 3,900 டாலர். 200 டாலர் எங்கே, 3,900 எங்கே! பாரையே ஓசியில வாங்கினாலும் 2,800 செலவு நிக்குது. அதனாலதான் 200 டாலர் பார் மிச்சம் பிடிக்கிறதா தோணுறது ஒரு மாயைன்னு சொன்னேன். பார் மட்டும் வாங்கிட்டு பிரேக்கைத் தள்ளிப் போடத் தூண்டுறதுதான் அதோட உண்மையான ஆபத்து.

இதை ரெண்டா பிரிச்சுப் பாருங்க. பேஸ் பிளேட்டும் வயரிங்கும் இந்த ஜீப்போட போச்சு. வண்டியை வித்தா அதுக்குத் தனி விலை கிடைக்காது. பாரும் துணை பிரேக்கும் அடுத்த வண்டிக்கும் வரும், தனியாவும் விக்கலாம். அதனால தரத்துக்குக் கூடுதலா பணம் போடணும்னா இந்த ரெண்டுல போடுங்க.

நாலு வருஷம் கழிச்சு பாரையும் பிரேக்கையும் வித்து 900 டாலர் வரும்னு வெச்சுக்குவோம். நிகரச் செலவு 3,000, வருஷத்துக்கு 750. ஜீப் டயர் தேய்மானம், சர்வீஸ்னு 150. டல்லாஸ்ல இருந்து மோவாப் சுமார் 1,000 மைல், ரெண்டு டிரிப்புக்கு 4,000 மைல். இழுக்கிறதால மோட்டார்ஹோம் மைலேஜ் 9-ல இருந்து 8-க்கு இறங்கினா 56 கேலன் கூடுதல், சுமார் 180 டாலர். ஆக வருஷத்துக்கு 1,080 டாலர்.

இதுக்கு மாற்று என்ன? மோவாப்லயே ஜீப் வாடகைக்கு எடுக்கலாம். நாளுக்கு 250 டாலர்னு வெச்சா, 1,080 டாலர் நாலு நாள் வாடகை. அப்போ வருஷத்துக்கு அஞ்சு நாளுக்கு மேல ஆஃப்-ரோடு ஓட்டுறவருக்கு இந்தச் செட்டப் லாபம். ரெண்டு மூணு நாள் மட்டும் ஓட்டுறவருக்கு வாடகைதான் லாபம்.

மூணாவது வழியும் இருக்கு. இன்னொருத்தர் ஜீப்பைத் தனியா ஓட்டிட்டு வரலாம். 4,000 மைலுக்கு பெட்ரோல் 650 டாலர் ஆகும். வெறும் பணக் கணக்குல இதுதான் மலிவு. ஆனா கைக்குழந்தை வெச்சிருக்கிற வீட்டுல, அப்பா ஒரு வண்டியிலயும் அம்மா இன்னொரு வண்டியிலயும் 1,000 மைல் ஓட்டுறது எல்லாருக்கும் ஒத்துவராது. அந்த முடிவை எக்ஸெல் எடுக்காது, வீட்டுல பேசி எடுங்க.

இன்சூரன்ஸையும் கேட்டுடுங்க

இழுபடும்போது ஜீப்புக்கு அடிபட்டா எந்த பாலிசி தரும், ஜீப் கழண்டு போய் இன்னொருத்தர் மேல மோதினா எது தரும்னு ரெண்டு கேள்வி. மோட்டார்ஹோம் பாலிசி, ஜீப் பாலிசி ரெண்டு ஏஜென்ட்கிட்டயும் ஈமெயில்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. ஃபோன்ல சொன்ன "கவர் ஆகும் சார்" கிளைம் நேரத்துல உதவாது.

கடைசியில தம்பி என்ன செஞ்சார்?

முதல் வேலையா ரூஃப் டென்டையும் ரேக்கையும் கழட்டி வீட்டுல வெச்சார். மோட்டார்ஹோம்ல படுக்கை இருக்கும்போது டென்ட் எதுக்கு? டூல் பாக்ஸ், ஃப்ரிட்ஜ், தண்ணி கேன் எல்லாம் மோட்டார்ஹோமுக்கு மாத்தினார். அது 13,800 ஆச்சு, 14,500-க்குள்ளதான். ஜீப் 4,720-க்கு இறங்கிச்சு. இப்போ ஹிட்ச் வரம்புக்குள்ள 280 பவுண்டு கையில இருக்கு. இதுக்கு ஆன செலவு எடை மேடைக் கட்டணம் மட்டும்தான்.

வருஷத்துக்கு 12 நாள் ஆஃப்-ரோடு ஓட்டுறவர்ங்கிறதால செட்டப் வாங்குறதுன்னு முடிவு. ஆனா எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை. மாசம் 975 டாலரா நாலு மாசம் ஒதுக்கி, பிரேக்கோட சேர்த்து ஒரே தடவையா மாட்டப் போறார். அதுக்காக இந்த வசந்த கால டிரிப்புல மட்டும் மோவாப்ல ரெண்டு நாள் வாடகை ஜீப். வீட்டுல கொஞ்சம் வருத்தம்தான். ஆனா பாதி செட்டப்போட கிளம்புறதை விட இது எவ்வளவோ மேல்.

பைக் வாங்கினாலும், வீடு வாங்கினாலும் இதே ரெண்டு கேள்வியைக் கேளுங்க. இதுல எந்தக் கண்ணி பலவீனம்? ஷீட்ல நான் எழுதாத வரி எது? கடையில நம்ம கண்ணுல படுறது எப்பவும் பெரிய எண்தான். நம்ம பர்ஸையும் குடும்பத்தையும் காப்பாத்துறது சின்ன எண்.

இந்தக் கணக்கை எக்ஸெல்ல எப்படிப் போடுறதுன்னு சேனல்ல வீடியோவா போட்டிருக்கேன், பாருங்க. உங்க எண்களைப் போட்டுப் பார்த்துட்டு சந்தேகம் இருந்தா கேளுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.